"அது உன் அகங்காரம் பேசுது அக்கா!"

கேள்வி: என் தம்பி இன்ஜினீயர். ஒன்றரை வருடமாக ஒரு தியானக் குழுவே கதி என்று கிடக்கிறான். பாதிச் சம்பளத்தை அங்கே கொடுத்துவிட்டு 'சமர்ப்பணம்' என்கிறான். அப்பா திதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், "அது உன் அகங்காரம் பேசுது அக்கா" என்கிறான். படித்த பிள்ளை எப்படி இப்படி ஆனான்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: படிப்பு இதற்குக் காவல் இல்லை, சகோதரி. 1995 மார்ச் 20 காலையில், டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் விஷப் பைகளைக் குடை முனையால் குத்திவிட்டு ஐந்து பேர் இறங்கிப் போனார்கள். ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழுவின் ஆட்கள். அதில் ஒருவர் இருதய அறுவை சிகிச்சை மருத்துவர்! 1984இல் தொடங்கியபோது அது வெறும் யோகா வகுப்பு. பிற்பாடு அங்கே கொலைக்கு வழங்கிய பெயர் 'போவா'. உயிர் பிரியும் நேரத்தில் அதை மேலான நிலைக்கு அனுப்பும் திபெத்திய பௌத்த சாதனையின் பெயர் அது. 'கொல்' என்றால் கை நடுங்கும். 'கரையேற்று' என்றால்?

தம்பியின் குழுவை அதோடு சேர்க்கவில்லை, பயந்துவிடாதீர்கள். ஆனால் சொல்லை மாற்றிவைக்கும் வித்தை ஒன்றுதான். 'பாதிச் சம்பளம் போகுது' என்றால் அவனே கணக்குப் போட்டுப் பார்ப்பான். 'சமர்ப்பணம்' என்றால் கணக்குக் கேட்பதே பாவம். 'அகங்காரம்' இன்னும் பொல்லாதது. நீங்கள் கோபப்பட்டால் அகங்காரம், அழுதால் பற்று, வாயை மூடிக்கொண்டால் 'அக்காவுக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு'. யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் இந்த மாதிரி தேய்ந்த வாக்கியங்களைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் 1961லேயே எழுதிவிட்டார். உங்களிடம் சொல்வதற்கு முன்பே, ராத்திரியில் தனக்கு வரும் சந்தேகத்திடம் தம்பி அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பான் என்பது என் ஊகம்.

குருவைத் திட்டாதீர்கள், திட்டினால் அவருக்கு வக்காலத்து வாங்குவதே அவன் வேலையாகிவிடும். 'மூளைச்சலவை' என்ற சொல்லும் வேண்டாம், அதுவும் பேச்சை அடைக்கிற மூடிதான். "எனக்குப் புரியலடா, நம்ம வீட்டுப் பேச்சுல சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சொல்லும்போது தடுமாறுவான். அப்போது மடக்கிவிடாதீர்கள், தடுமாறட்டும். வாரம் ஒரு போன் போடுங்கள், குழுவைப் பற்றி ஒரு வார்த்தை வராத போன்.

வீட்டுப் பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.