ரத்தப் பரிசோதனை இருக்கும்போது கொலோனோஸ்கோப்பி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 52, உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்து, சமீபத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரே ரத்தப் பரிசோதனையில் 50-க்கும் மேற்பட்ட புற்றுநோய்களைக் கண்டறியலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். குழாய்க் கேமராவால் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்குப் பதிலாக இதைச் செய்துகொள்ளலாமா? அண்ணனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கும் ரத்தப் பரிசோதனையும் இதுதானா?

பதில்: கொலோனோஸ்கோப்பிக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள். இரண்டு பரிசோதனைகளையும் ‘லிக்விட் பயாப்சி’ என்றே அழைக்கிறார்கள் என்றாலும், உங்களுக்கு விற்கப்படுவதும் அண்ணனுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் வேறு வேறு.

புற்றுநோய்க் கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் தேடுவதுதான் விளம்பரத்தில் வரும் பரிசோதனை. கட்டி சிறியதாக இருக்கும்போது உதிர்வதும் மிகக் குறைவு என்பதால், நோயை எந்தக் கட்டத்தில் பிடிக்க விரும்புகிறோமோ அந்தக் கட்டத்தில்தான் அது அதிகமாகத் தவறவிடுகிறது. பல புற்றுநோய்களை ஒன்றாகத் தேடும் ஒரு பரிசோதனையைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வில், நோய் பரவிவிட்ட நான்காம் நிலையில் 100-க்குச் சுமார் 90 பேரைக் கண்டறிந்த அதே பரிசோதனை, முதல் நிலையில் சுமார் 17 பேரை மட்டுமே கண்டறிந்தது. அதே பரிசோதனையை நோய் அறியாத 6,621 பேரிடம் செய்து பார்த்தபோது 92 பேருக்குப் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அவர்களில் 35 பேருக்கே புற்றுநோய் உறுதியானது. மற்ற 57 பேரும் இல்லாத நோயைத் தேடி மேலும் சோதனைகளுக்கு அலைந்ததையும், அந்த நாட்களின் கலக்கத்தையும் விளம்பரம் சொல்வதில்லை.

பெருங்குடலுக்கென்றே அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது புற்றுநோயில் 83 சதவீதத்தைக் கண்டுபிடித்தாலும், புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்களில் (குடலின் உட்சுவரில் உண்டாகும் சதை வளர்ச்சிகள்) 13 சதவீதத்தையே கண்டுபிடித்தது. கொலோனோஸ்கோப்பியிலோ பாலிப்பைப் பார்த்த கையோடு அகற்றிவிடலாம். மேலும், அந்த அனுமதி சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கானது. உடன்பிறந்தவருக்கு இந்நோய் வந்திருப்பதால் நீங்கள் அந்த வகையில் வரமாட்டீர்கள்.

அண்ணனின் பரிசோதனையைத் தயங்காமல் செய்யச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் மிச்சமிருக்கிறதா, திரும்புகிறதா என்று பார்க்கும் இத்தகைய கண்காணிப்பில் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் கட்டியில் கண்ட மரபணு மாற்றங்களையே ரத்தத்தில் தேடுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரிந்திருப்பதே அதன் பலம். இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கீமோதெரபி தேவையா என்பதை இந்தப் பரிசோதனையின் முடிவை வைத்துத் தீர்மானித்ததால், அதைப் பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தனர். நோய் திரும்புவது அதனால் கூடவில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அண்ணனுக்கு எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். உங்களுக்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி தேவை என்பதை அந்த வயதை வைத்தே அவர் முடிவு செய்வார்.