அமெரிக்காவில் வருமான வரியே இல்லாத மாநிலங்கள் இருக்கும்போது, மாநில வருமான வரி வேண்டும், அதுவும் பணக்காரர்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்று சிலர் ஏன் வாதாடுகிறார்கள்?

அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்கிறேன். சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். இதே கேள்வியை நேரில் கேட்பவர்கள் பெரும்பாலும் வருமான வரி இல்லாத டெக்சாஸின் டல்லாஸுக்குக் குடிபோகும் நண்பர்கள். சாமான் ஏற்றும் வண்டிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் வந்து கேட்பார்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் சம்பளத்துக்கு வருமான வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது. விவசாய வருமானத்துக்குப் போடலாம். மற்றபடி தொழில் வரி, அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இங்கே ஃபெடரல் வரி தனி, மாநில வரி தனி. டெக்சாஸ், ஃபுளோரிடா, டென்னசி, நெவாடா என்று ஒன்பது மாநிலங்கள் சம்பளத்துக்கு வரி வாங்குவதில்லை. நான் இருக்கும் இலினாய், எல்லாருக்கும் ஒரே விகிதமாக 4.95 சதவீதம் வாங்குகிறது.

உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருந்து இரண்டு லட்சம் டாலர் சம்பாதித்தால், டெக்சாஸ் போனதும் கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர் மிச்சம். அங்கே சொத்து வரி அதிகம்தான், ஆனால் இலினாயிலும் அது குறைச்சல் இல்லை. ஆக, போகிறவருக்கு லாபம். பிரச்சினையே அதுதான். வரி இல்லாத மாநிலத்தில் அரசாங்கம் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. விற்பனை வரியிலும் சொத்து வரியிலும் வாழ்கிறது. இந்தக் கணக்கையே வேலையாகப் போட்டுவரும் ஓர் ஆய்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, டெக்சாஸில் அடிமட்டத்து ஐந்தில் ஒரு பங்கு மக்கள் தங்கள் வருமானத்தில் 12 சதவீதத்துக்கு மேல் மாநில, உள்ளூர் வரியாகக் கொடுக்கிறார்கள். உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினர் கொடுப்பது 5 சதவீதத்துக்கும் கீழே. நம் நண்பர் மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பங்கு அவர் வீட்டுப் புல் வெட்ட வருபவரின் பையிலிருந்து வருகிறது.

சரி, இலினாயில் வருமான வரி இருக்கிறதே, நியாயமாக இருக்குமே என்றால் அதுவும் இல்லை. வரி ஏழைகள் மேல் அதிகம் விழும் மாநிலங்கள் என்று அதே நிறுவனம் போட்ட பட்டியலில் நாங்களும் முதல் பத்துக்குள் இருக்கிறோம். "ஒரே விகிதம், எல்லாருக்கும் சமம்" என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 4.95 தனியாக வருவதில்லை. சிகாகோ நகருக்குள் 2024-இல் குழந்தைக்கு 80 டாலரில் ஒரு குளிர்கோட்டு எடுத்திருந்தால் 10.25 சதவீத விற்பனை வரி சேர்ந்து பில் 88 டாலர் 20 சென்ட். அறுவை சிகிச்சை நிபுணருக்கும் அதே 8.20, அவர் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவருக்கும் அதே 8.20. பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சொத்து வரியில் ஓடுகின்றன. நேப்பர்வில் மாதிரி வசதியான ஊரில் வீட்டு மதிப்பு அதிகம் என்பதால் விகிதம் கம்மியாக இருந்தாலும் பள்ளிக்குப் பணம் குவியும். தெற்கே ஹார்வி போன்ற ஊர்களில் வீட்டு மதிப்பு சரிந்து கிடப்பதால் விகிதத்தை ஏற்றிக்கொண்டே போயும் பள்ளிக்குப் போதவில்லை. வாடகை வீட்டுக்காரருக்கு இது இல்லை என்று நினைக்காதீர்கள். வாடகைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த ஒரே விகிதம் எங்கிருந்து வந்தது? 1969-இல் ரிச்சர்ட் ஓகில்வி என்ற குடியரசுக் கட்சி ஆளுநர் வருமான வரியைக் கொண்டுவந்தார். 1972 தேர்தலில் தோற்றார். இடையில் 1970-இல் எழுதிய மாநில அரசியலமைப்பிலேயே, வருமான வரி படிப்படியாக ஏறும் விகிதத்தில் இருக்கக் கூடாது என்று பொறித்துவிட்டார்கள். நம்மூரில் ஸ்லாப் என்று சொல்கிறோமே, அது இங்கே சட்ட விரோதம். இதன் விளைவை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2015 கடைசியில் என் மகனுக்கு இரண்டு வயது. பேச்சு வரவில்லை. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மாநிலத் திட்டம் ஒன்று உண்டு, பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். எங்களுக்கு வந்த அம்மா செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு துணிப்பையோடு வருவார். கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோப்புக் குமிழி ஊதும் குப்பியை எடுத்து ஒரே ஒரு முறை ஊதுவார். பிறகு மூடியை இறுக்கி மூடி, அவன் கைக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவன் திணறுவான், குப்பியைத் தட்டுவான், அழுவான். என் மனைவி எழுந்து திறந்துவிடப் போவாள், அந்த அம்மா கண்ணாலேயே நிறுத்துவார். நாலாவது வாரம் அவன் "இன்னூ" என்றான். 'இன்னும்' என்பதில் மகரம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சொன்னவரும் அவர்தான்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் முதல் வர முடியாது என்றார். மாநிலத்திலிருந்து அவருக்கு மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கார் கடன் தவணை நிற்கிறது, பெட்ரோலும் கைக்காசு. சொல்லும்போது அவர்தான் ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் தனியாக ஒருவரைப் பிடித்து ஒவ்வொரு வகுப்புக்கும் நூறு டாலருக்கு மேல் கொடுத்துச் சமாளித்தோம். அவரிடம் அதே திட்டத்தில் இருந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

நடந்தது இதுதான். 2011-இல் 3 சதவீதத்திலிருந்து தற்காலிகமாக 5 ஆக்கிய வரி, 2015 ஜனவரியில் 3.75-க்கு இறங்கியது. பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. புது ஆளுநர் புரூஸ் ரவுனருக்கும் சட்டசபைக்கும் சண்டை. 2015 ஜூலை முதல் இரண்டு வருடத்துக்கு முழு பட்ஜெட்டே இல்லை. சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மாநிலம் கொடுக்க வேண்டிய பில் பாக்கி ஏறி ஏறி 2017-இல் 1,600 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் 2017 ஜூலையில் ஆளுநரின் வீட்டோவைத் தள்ளிவிட்டு வரியை 4.95 ஆக்கினார்கள்.

சண்டைக்குக் காரணம் அரசியல், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைத்த விதத்தைப் பாருங்கள். வருடத்துக்கு முப்பதாயிரம் சம்பாதிப்பவருக்கும் 1.2 சதவீதப் புள்ளி, மூன்று கோடி சம்பாதிப்பவருக்கும் 1.2. வேறு வழியே சட்டத்தில் இல்லை. கஷ்டப்படுகிறவனிடமும் சேர்த்து வாங்கினால்தான் வசதியானவனிடம் வாங்க முடியும் என்று பூட்டு போட்டுவிட்டால், எந்த உறுப்பினரும் சாவியைத் தொடப் பயப்படுவார். ஓட்டை வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். அந்த அம்மாவின் கார் கடன் அந்த ஓட்டையில்தான் விழுந்தது.

அதனால் 2020 நவம்பரில் மாநில அரசியலமைப்பின் அந்த ஒரே விகித வாசகத்தை மாற்றும் திருத்தம் ஓட்டுக்கு வந்தபோது நானும் இறங்கி வேலை பார்த்தேன். எனக்கு அப்போது நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைதான், குடியுரிமை இல்லை. வரி உண்டு, ஓட்டு இல்லை. கொரோனா காலம், வீடு வீடாகப் போக முடியாது. ஓட்டுள்ள தமிழர்களைப் போனில் பிடித்தேன். கோயிலில் அறிமுகமான டாக்டர் சார் ஒருவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, எனக்குக் கூடுமா குறையுமா, அதை மட்டும் சொல்லு."

"வருமானம் எவ்வளவுன்னு சொன்னா கணக்குப் போட்டுச் சொல்றேன் சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்னு வச்சுக்கோ."

இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போகிற பணத்துக்கு மட்டும்தான் 7.75 சதவீதம். "வருஷத்துக்கு எண்ணூறு டாலருக்குள்ள கூடும் சார்."

"இன்னைக்கு எண்ணூறு. நாளைக்கு?"

எதிர்த்தரப்பின் மொத்தப் பிரசாரமும் அந்த 'நாளைக்கு'தான். இன்று பணக்காரன், நாளை நீ. ஓய்வூதியத்துக்கு இங்கே வரி இல்லை, நாளை அதற்கும் போடுவார்கள். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருப்பவர்களை நம்பாதே. நம்பச் சொல்வதும் சுலபமாக இல்லை. அந்த 2020 ஜூலையில்தான் மாநிலத்தின் பெரிய மின்சார நிறுவனம், மாநிலச் சட்டசபைச் சபாநாயகர் மைக்கேல் மேடிகனின் ஆதரவைப் பெற அவருடைய ஆட்களுக்கு வேலையும் ஒப்பந்தமும் கொடுத்த வழக்கில் 20 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. (மேடிகனுக்கு 2025-இல் ஏழரை வருடச் சிறை விதித்தார்கள்.) ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் திருத்தத்துக்கு ஆதரவாகத் தன் பணத்தில் 5 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். முதலீட்டு நிறுவன முதலாளி கென் கிரிஃபின் எதிர்த்து 5 கோடிக்கு மேல் இறக்கினார். பணக்காரர்களுக்கு வரி போடலாமா என்பதை இரண்டு பெரும் பணக்காரர்கள் சொந்தக் காசில் விவாதித்ததை நாங்கள் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோற்றோம். ஏறக்குறைய 53 சதவீதம் வேண்டாம் என்றது. பிரசாரம் ஒரு காரணம். திட்டத்தை வடிவமைத்ததிலும் கோளாறு என்பது என் கருத்து. ஆறு படிகள், அதில் 4.75, 4.9, 4.95 என்று பொடிப்பொடி வித்தியாசங்கள். விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சாதாரணக் குடும்பத்துக்கு வருடத்தில் மிச்சமாவது அதிகபட்சம் 65 டாலர். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் காசு. அதற்காக யார் ஆவேசமாக ஓட்டுப் போடப்போகிறார்கள்? வரும் பணம், ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் என்றார்கள், எதற்குப் போகும் என்பதும் யாருக்கும் தெளிவாகப் பதியவில்லை.

மாசசூசெட்ஸ்காரர்கள் இதை வேறு மாதிரி செய்தார்கள். அங்கேயும் ஒரே விகிதம், 5 சதவீதம். படிநிலை வரிக்காக அதற்கு முன் ஐந்து முறை ஓட்டுக்கு விட்டு ஐந்து முறையும் தோற்றிருந்தார்கள். 2022-இல் ஒரே கோடு போட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்கு மட்டும் இன்னும் 4 சதவீதம், அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் மட்டும். சுமார் 52 சதவீதம் வாங்கி ஜெயித்தது. முதல் முழு நிதியாண்டிலேயே 200 கோடி டாலருக்கு மேல் வந்தது, பட்ஜெட்டில் போட்டதைவிட இரண்டு மடங்கு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாட்டை நிரந்தரமாக்கினார்கள். அது என்ன செய்யும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரிகளில் முதலில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2024 இலையுதிர் காலத்திலிருந்து பட்டம் இல்லாத எல்லாருக்கும் கட்டணம் இல்லை. பாஸ்டனுக்கு வெளியே பல ஊர்ப் பேருந்துகளில் டிக்கெட்டே கிடையாது.

வரி போட்டால் பணக்காரர்கள் ஓடிப்போய்விடுவார்களே என்பது அடுத்த கேள்வி. சிலர் போவார்கள். கென் கிரிஃபினும் 2022-இல் நிறுவனத்தோடு மயாமிக்குப் போய்விட்டார். ஆனால் அவர் போனது வரியைத் தோற்கடித்த பிறகு. சொன்ன காரணம் சிகாகோவின் குற்றங்கள். குற்றத்தைக் குறைக்கவும் காசு வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுபக்கம், வரியைக் குறைத்தால் வளம் கொழிக்கும் என்று 2012-இல் கான்சஸ் பரிசோதித்துப் பார்த்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்து, 2015-இல் சில பள்ளி மாவட்டங்கள் ஆண்டை முன்கூட்டியே முடித்தன. 2017-இல் குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டசபை, தன் கட்சி ஆளுநரின் வீட்டோவை மீறி வரியைத் திரும்ப ஏற்றியது.

இலினாயில் கதை முடியவில்லை. 2024 நவம்பரில் ஆலோசனைக் கேள்வி ஒன்று ஓட்டுச்சீட்டில் வந்தது. 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் கூடுதலாக 3 சதவீதம் வாங்கி, அதைச் சொத்து வரியைக் குறைக்கப் பயன்படுத்த அரசியலமைப்பைத் திருத்தலாமா என்பது கேள்வி. யாரையும் கட்டுப்படுத்தாது, கருத்துக் கேட்பு மட்டும்தான். சுமார் 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். எனக்கு அதற்குள் குடியுரிமை வந்துவிட்டது. ஊர் நூலகத்தில் வரிசையில் நின்றேன், கூடவே அந்தப் பையன். இப்போது வாயை மூடு என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டாக்டர் சார் எதிரே வந்தார். நான் கேட்கவேயில்லை, அவராகவே சொன்னார்: "பத்து லட்சத்துக்கு மேலதானே தம்பி? அப்போ நமக்கு இல்லையே. சொத்து வரியும் குறையும்கிறான். சரின்னு போட்டுட்டேன்."