தண்ணீரைப் படித்தவனுக்கு வெள்ளம் வருவது தெரியாதா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்.

கேள்வி: என் அண்ணன் நீரியலில் மேற்படிப்பு முடித்த எஞ்சினியர். பள்ளியிலிருந்தே முதல் மாணவர். எங்கள் வீடு கடலூரில் ஆற்றுக்குப் பக்கம். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. தையல் மெஷின், பீரோ, அப்பா வைத்திருந்த வீட்டுப் பத்திரம் எல்லாம் பாழ். அன்றிலிருந்து அப்பா, "தண்ணியப் பத்தித்தானே படிச்ச? உனக்கே தெரியலேன்னா அந்தப் படிப்பு எதுக்கு?" என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அண்ணன் பதிலே பேசுவதில்லை. அவ்வளவு அறிவுள்ளவருக்கு இது ஏன் தெரியாமல் போனது?
— ஒரு வாசகி, கடலூர்

அம்மா, உங்கள் அண்ணனால் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பேசாமல் இருக்கும் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையேறிய புயல் உள்ளே நகர்ந்துகொண்டே வலுவிழப்பதுதான் வழக்கம். இது நகரவில்லை. பல மணி நேரம் எங்கள் ஊரை ஒட்டியே நின்று பெய்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல். பிறகு மேற்கே போய்த் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டியது. அந்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து, அணை நிரம்பி, உபரி நீர் தென்பெண்ணையில் இறங்கி, கடைசியாகக் கடலூருக்கு வந்தது. அதாவது உங்கள் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் எங்கோ மலைப்பக்கம் பெய்த மழை இருந்தது. அணையிலிருந்து தண்ணீர் திறப்பதை ஒட்டிக் கரையோரத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அப்பா கேட்பது அதற்கும் முன்னால். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் புயல் எந்த இடத்தில் ஏறும், ஏறிய பின் எத்தனை மணி நேரம் நிற்கும், எந்த மலைச்சரிவில் எவ்வளவு பெய்யும் என்று எல்லாமே முன்னால் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் அடுத்தது முழுக்க மாறிவிடும்.

இந்தப் பிசகு எப்படிப் பெருகுகிறது என்பதை எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் 1961இல் கண்ணால் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு சிறிய வானிலைக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். அதையே பாதியிலிருந்து மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று போட்டார். கடைசி மூன்று இலக்கம்தான் விட்டுப்போனது. முதலில் இரண்டும் ஒன்றாகவே போயின. கணக்கில் இரண்டு மாதம் ஓடுவதற்குள் இரண்டு வானிலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. வங்காள விரிகுடாவின் ஒவ்வொரு மூலையிலும் காற்றையும் வெப்பத்தையும் அந்த நுணுக்கத்துக்கு அளக்க யாராலும் முடியாது. அளக்காத இடத்தில் அறிவு என்ன செய்யும்?

எங்கள் புதுச்சேரியில் இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அதையும் சொல்லுங்கள்.

குயில்லோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கரும்புள்ளியாக ஊர்ந்து போவதை அளக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். அந்த அளவை வைத்துச் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். முதல் வாய்ப்பு 1761 ஜூன் 6. அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, கப்பல் திரும்பிவிட்டது. அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் நின்று துல்லியமாக எதை அளப்பது? அடுத்தது எட்டு வருஷம் கழித்து. அதற்கும் அடுத்தது 1874இல்தான். அதனால் ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு நல்ல தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய நாட்களில் காலை வானம் பளிச்சென்று இருந்தது. அன்று விடிந்தபோது மேகம். வெள்ளி சூரியனைக் கடந்து முடிந்தது, பிறகு வெயில் வந்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, இறந்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கு போடத் தயாராகியிருந்தார்கள்.

இந்த மனிதர் அறிவில் எதில் குறைந்தவர்? கணக்கு சரி, கருவி சரி, இடம் சரி, பொறுமை யாருக்கும் வராத பொறுமை. மேகம் மட்டும் அவர் கையில் இல்லை.

புதுச்சேரியில் இருந்தபோது அவர் இன்னொன்றும் பார்த்தார். நம் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டிலேயே கிரகணம் கணித்தார்கள். அந்த முறையில் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளம் 41 விநாடி மட்டுமே குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மேயரின் நிலா அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்! அம்மா, இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எத்தனையோ லட்சம் கிலோமீட்டர் தாண்டி நடக்கும் கிரகணத்தை விநாடிக் கணக்கில் சொல்ல முடிந்த அதே ஊரில், நாளைக் காலை மேகம் வருமா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நிலாவின் பாதையில் சிறு பிழை சிறு பிழையாகவே இருக்கும். மேகத்தில் அது ஊதிப் பெருகும். கடினம் பிரச்சினையின் குணத்தில் இருக்கிறது. அதை ஆளின் மூளையில் தேடினால், படித்த ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்தான் போய் முடியும்.

'அணையை முன்னாலேயே திறந்திருக்கலாமே' என்றும் அப்பா கேட்கக்கூடும். எந்த அணைக்கும் பொதுவாகச் சொல்கிறேன். முன்னாலேயே காலி செய்துவிட்டு மழை ஏமாற்றினால், கோடையில் குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் இல்லை. நிறைத்து வைத்துவிட்டு மழை கொட்டினால் வெள்ளம். இன்னும் பெய்யாத மழையை நம்பி இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவு அது.

பத்திரம் போனதில்தான் அப்பாவின் கோபம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பதிவு செய்த பத்திரமாக இருந்தால், பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அண்ணனை அப்பாவுடன் போய் வரச் சொல்லுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கறை இருந்தால் அழிக்க வேண்டாம். மின்சார ப்ளக்கும் பீரோவும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அது போதும். அதை அண்ணன் தாராளமாகத் தீர்த்துவைப்பார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி தீராத பிரச்சினை என்று எதுவுமே இருக்காது என்கிறான் என் நண்பன். சரியா?
— ஒரு மாணவர், லாஸ்பேட்டை

இல்லை தம்பி. புதுச்சேரியில் கூரியர் கொடுக்கும் ஒருவரிடம் இருபது முகவரி இருக்கிறது என்று வை. எந்த வரிசையில் போனால் பெட்ரோல் குறைவு? இருபது முகவரியை அடுக்கும் விதங்கள் சுமார் 24 ஆயிரம் கோடி கோடி. நொடிக்கு நூறு கோடி வரிசையைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க 77 வருஷம் ஆகும். இதற்குக் குறுக்குவழிகள் உண்டு, இருபது முகவரியை அவை சுலபமாக முடித்துவிடும். ஆனால் முகவரி எவ்வளவு கூடினாலும் ஈடுகொடுத்து, மிகச் சிறந்த விடையையே எப்போதும் வேகமாகத் தரும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இது நேரத்தின் கஷ்டம். வழியே இல்லாத கேள்விகளும் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் நிரலை (புரோகிராம்) கொடுத்தாலும், அது ஓடி முடியுமா முடியாமலே ஓடுமா என்று தவறாமல் சொல்லிவிடும் ஒரே பொதுமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936இல் நிரூபித்தார். இன்றைக்குக் கடைகளில் விற்கும் கம்ப்யூட்டர் எதுவும் அப்போது பிறக்கவில்லை. கருவி எவ்வளவு வளர்ந்தாலும் அந்த நிரூபணம் அப்படியே நிற்கிறது. நண்பனுடன் சேர்ந்து அதைப் படித்துப் பார். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கோடு பொறுமையும் இருந்தால் புரியும்.

கேள்வி: அம்மா காலமான பிறகு அரியாங்குப்பத்தில் இருக்கும் பூர்வீக வீட்டை என்ன செய்வது என்று அண்ணன், நான், தம்பி மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. எங்கள் மாமா ஓய்வுபெற்ற நீதிபதி, அத்தனை வழக்கு பார்த்தவர். அவராலேயே முடியவில்லை. வாக்கெடுப்பு வைத்தும் பார்த்துவிட்டார். அண்ணனுக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு விட வேண்டும், இடித்துக் கட்டுவது பிடிக்காது. எனக்கு முதலில் வாடகை, அடுத்து இடித்துக் கட்டுவது, விற்கவே கூடாது. தம்பிக்கு இடித்துக் கட்ட வேண்டும், முடியாவிட்டால் விற்கலாம், வாடகை மட்டும் வேண்டாம்.
— ஒரு வாசகி, அரியாங்குப்பம்

மாமாவைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் மூவர் விருப்பத்தையும் இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். விற்பதா, வாடகையா? அண்ணனும் தம்பியும் விற்பது பக்கம். வாடகையா, இடித்துக் கட்டுவதா? அண்ணனும் நீங்களும் வாடகை பக்கம். அப்படியானால் விற்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று தோன்றும். இப்போது இடித்துக் கட்டுவதா, விற்பதா என்று கேட்டால் நீங்களும் தம்பியும் இடித்துக் கட்டுவது பக்கம்! எந்த முடிவை எடுத்தாலும் அதைத் தோற்கடிக்க இரண்டு ஓட்டு தயாராக இருக்கிறது. ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் யோசிக்கிறீர்கள். மூன்று தெளிவும் சேரும்போது வட்டமாகிவிடுகிறது. கொண்டோர்சே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1785இல் இதை எழுதி வைத்தார். மேலே சொன்ன லெ ஜாந்தி இருந்த அதே பாரிஸ் அறிவியல் அகாடமியின் செயலாளர் அவர்.

ஆகவே மறுபடி வாக்கெடுப்பு வேண்டாம், எத்தனை முறை வைத்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மாமாவிடம் தீர்ப்பும் கேட்க வேண்டாம். வாடகைக்கு விட்டால் என்ன ஆகும் என்று தம்பி பயப்படுகிறார்? அண்ணனுக்கு இப்போது எவ்வளவு பணம், எதற்கு வேண்டும்? அம்மா இருந்த வீடு கைமாறிப் போகக் கூடாது என்பதுதான் உங்கள் எண்ணமா? இந்த மூன்றையும் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கேட்டிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணனின் பங்குக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து தவணையில் பணம் கொடுக்க முடிந்தால், விற்பது என்ற பேச்சே போய்விடும். மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் தம்பிக்கும் நடுவில் மட்டும். வீட்டைப் பார்த்து மதிப்புச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லி மாமாவைக் கேளுங்கள். அந்த உதவியை அவர் நிச்சயம் செய்வார்.