மூன்று கண்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஆச்சியின் பச்சைக்குத்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். நான் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஊர் உடன்குடிப் பக்கம். அப்பா பனையேறி. போன வருடம் வலது நுரையீரலில் புற்றுநோய் வந்து போய்விட்டார். அவர் நினைவாக ஒரு டாட்டூ போட ஆசை. நானே வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன்: நுரையீரல், அதன் மூச்சுக்குழாய்கள் மரக்கிளைகளாக, பின்னால் ஒன்றோடொன்று பின்னிப் பூவாகத் தெரியும் ‘ஃபிளவர் ஆஃப் லைஃப்’ வட்டங்கள். இதயம் இருக்கும் பக்கம் என்று இடது நுரையீரலை எடுத்துக்கொண்டேன். முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டை ஒட்டி, 2 அங்குலத்தில் போடலாம் என்று எண்ணம். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தால் அப்பா ஞாபகம் வரவில்லை. என்ன தப்பு? அம்மா வேறு ஒரு வாரமாகப் பேசுவதில்லை.

எஸ்., கோவை


அன்புள்ள எஸ்.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்குக் கோடு நன்றாக வருகிறது. அப்பா ஞாபகம் வராததற்குக் காரணம் ஒன்றுதான்: அது அவர் ஏறிய மரம் இல்லை. பனைக்கு ஏது கிளை? (எங்காவது ஒரு கிளைப்பனை இருந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும்.) நீங்கள் வரைந்திருப்பது குளிரில் இலை கொட்டி நிற்கும் ஏதோ ஐரோப்பிய மரம். நுரையீரல் டாட்டூ என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான்.

மூச்சுக்குழாயை மரமாகப் பார்ப்பது தப்பில்லை. அது உள்ளே ஏறக்குறைய 23 முறை இரண்டிரண்டாகப் பிரிகிறது, மரம்தான். உடம்பையும் செடியையும் சேர்த்துப் பார்ப்பதும் பழைய பழக்கம். லியனார்டோ டா வின்சி தன் உடற்கூறு ஏடு ஒன்றில் இதயத்தையும் அதன் குழாய்களையும் வரைந்து, பக்கத்திலேயே முளைவிடும் கொட்டையொன்றை வரைந்திருக்கிறார். ரத்தக்குழாய்கள் கல்லீரலில் தொடங்குவதாக அன்று பலர் நம்பினார்கள். இல்லை, இதயம்தான் விதை, வேரும் தண்டும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது அவர் கட்சி. அதைச் சொல்லத்தான் அந்தக் கொட்டை. உங்கள் படத்தில் மரம் எதையும் சொல்லவில்லை. பின்னால் இருக்கும் 19 வட்டங்கள் அதைவிட மோசம், கல்யாண மேடையில் கட்டிய திரைச்சீலை மாதிரி. அப்பாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு உடற்கூறு படங்கள் வரைந்து கொடுத்துப் பல வருடம் பிழைத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ‘வலது’ என்ற சொல் கண்ணில் பட்டது. இடது நுரையீரலுக்கு இரண்டு மடல்கள், இதயத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியிருக்கும். வலதுக்கு மூன்று. அந்த மூன்றும் ஒரே அளவில் இருக்காது, நடு மடல் சின்னது.

சரி, நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அரிவாளால் தலையைச் சீவினால் வட்டத்துக்குள் மூன்று கண். இரண்டு கண் காய்களும் வரும், ஆனால் மூன்றுதான் நாம் எதிர்பார்ப்பது. அதிலும் பெரும்பாலும் ஒரு கண் சிறுத்திருக்கும். அப்பாவுக்கு நோய் வந்த நுரையீரலும் அவர் வெட்டிப் போட்ட காயும் ஒரே கணக்கில் நிற்கின்றன. வடிவியலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து மூன்று திசை. காய்க்குள்ளேயே இருக்கிறது. வெளி வட்டத்தை மட்டும் காம்பஸில் போடுங்கள். கண்களைக் காய் எப்படிக் காட்டுகிறதோ அப்படியே விடுங்கள், சமப்படுத்த வேண்டாம். நுரையீரலின் வெளிக்கோடுகூடத் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அது உங்களுக்குத் தெரிந்தால் போதாதா?

இனி, இடம். இதில் நானே ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். நண்பர் ஒருவருக்குச் சூரியகாந்தி வட்டம் ஒன்று வரைந்து கொடுத்தேன், தாளில் கச்சிதம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே குத்திக்கொண்டார். உள்ளங்கையை மேலே காட்டினால் வட்டம். டீ கிளாஸைப் பிடித்தால் முட்டை. முன்கையில் இரண்டு எலும்புகள், கையைத் திருப்பும்போது ஒன்று மற்றதன் குறுக்கே புரள்கிறது, தோலும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. மணிக்கட்டுப் பக்கம் இந்த முறுக்கு அதிகம். சந்தேகமென்றால் பாட்டில் மூடியை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்துவிட்டுக் கையைத் திருப்பிப் பாருங்கள். வட்டம்தான் வேண்டுமென்றால் மேற்கையின் வெளிப்பக்கம் நல்லது. அங்கே இடது கையில் சின்ன வயதில் காசநோய்க்குப் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு இருக்கும், அதையும் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் கவலையில்லை. தடித்து மேடாக வளர்ந்திருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், குத்துகிற இடமும் அப்படித் தடிக்கக்கூடும்.

அப்புறம், நெருக்கம். நீங்கள் ஏழு முறை கிளை பிரித்திருக்கிறீர்கள். 128 நுனிகள். 2 அங்குலப் படத்தின் விளிம்பைச் சுற்றி அவற்றைப் பரப்பினால் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குகிறது, அங்குள்ள செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது விடுவதைப் பக்கத்துச் செல்கள் வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கைமாற்றில் வருடா வருடம் கோடு கொஞ்சம் பருக்கும். ஆச்சிக்குக் குத்தியது அகத்திக்கீரையும் மஞ்சளும் துணியில் சுற்றி விளக்கெண்ணெயில் எரித்தெடுத்த கரி. எண்பது வயதில் அவர் கைக் கோலத்தின் புள்ளிகள் உளுந்து அளவுக்கு வந்திருந்தன, இருந்தும் கோலம் கோலமாகவே தெரிந்தது. குத்தியவள் இடம் விட்டுக் குத்தியிருந்தாள். மூன்று கண்ணுக்கு நடுவே ஒரு அரிசி கிடக்கும் அளவாவது வெற்றுத் தோல் விடுங்கள். நிழல் கொடுக்க வேண்டாம்.

அம்மா விஷயத்தில் நான் சிபாரிசுக்கு வர முடியாது. படத்தை மட்டும் காட்டிப் பாருங்கள், என்னவென்று சொல்லாமல்.

இப்போது நுங்கு வந்துவிட்டது. ஒரு குலை வாங்குங்கள். சீவுகிறவரிடம் சுளையைத் தோண்ட வேண்டாம், கண் மூன்றும் முழுதாகத் தெரிகிற மாதிரி ஒரே வெட்டாகச் சீவிக் கொடுங்கள் என்று கேளுங்கள். வெட்டுமுகத்தைத் துணியால் ஒற்றி, ஸ்டாம்ப் பேடில் தொட்டு, வெள்ளைத்தாளில் அமுக்குங்கள். ஏழெட்டுக் காயில் ஒன்று சரியாக விழும். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், மீதியைப் பேசுவோம்.