சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ரொஜெக்ட்டுக்கு எந்தக் கோட் சேர்ச் டூல்? சேர்வர் ஒண்டு போடுறதா?

கேட்டிருக்கிறது இதுதான்: மூண்டு நாலு ரெப்போ (கோட் வச்சிருக்கிற களஞ்சியம்), எல்லாம் கிட்ஹப்பில, வேலை செய்யிறது கூடுதலா கம்பஸ் பெடியள் பெட்டையள், கோட் தேடுறதுக்கெண்டு தனியா ஒரு சேர்வர் போடுறதா, போட்டா ஓப்பன்குரொக்கா சோர்ஸ்கிராஃபா ஸோக்டா எண்டு. நானும் திருகோணமலையில இருந்து கிட்டத்தட்ட இதே சைஸ் ப்ரொஜெக்ட் ஒண்டிலதான் வேலை செய்யிறன், தமிழ் சிங்களம் இங்கிலிஷ் மூண்டிலயும் ஓடுற கூட்டுறவுச் சங்கக் கணக்கு சொஃப்ட்வெயார், அதால என்ர பதில் மொழிபெயர்ப்பு ஃபைல் பக்கம் கொஞ்சம் கூடுதலாச் சாயும், கோவிக்காதீங்கோ.

சேர்வர் வேண்டாம். எல்லாரிட லப்டொப்பிலயும் ரிப்கிரெப் (ஃபைலுகளுக்குள்ள சொல் தேடுற கமாண்ட் லைன் டூல்) போடுங்கோ, அதோட கிட்டோடயே வாற கிட் க்ரெப் எண்ட தேடல் கட்டளையைப் பழக்குங்கோ, லிங்க் அனுப்ப வேணுமெண்டா கிட்ஹப் சேர்ச். உங்கட சைஸுக்கு இது காணும்.

ஏனெண்டா இன்டெக்ஸ் போட்டுத் தேடுற டூல் எல்லாம் வந்ததே வேற பிரச்சினைக்கு. கூகிள் கோட் சேர்ச்சை 2012 ஜனவரியில மூடினாங்கள், அதே மாசம் ரஸ் கொக்ஸ் அது உள்ளுக்க எப்பிடி வேலை செஞ்சதெண்டு எழுதி ஒரு சின்ன டூலையும் வெளியில விட்டார்: கோட்டை மூண்டு மூண்டு எழுத்தாப் பிரிச்சு எந்தத் துண்டு எந்த ஃபைலில கிடக்கெண்டு முதலே குறிச்சு வைக்கிறது, பிறகு தேடேக்க அந்த ஃபைலுகளை மட்டும் திறந்து பாக்கிறது. ஸோக்ட், ஹவுண்ட் எல்லாம் அந்த வழிதான். டெபியன் லினக்ஸ்ல இருக்கிற அவ்வளவு பக்கேஜிட சோர்ஸையும் ஒரே பெட்டியில தேட அது இல்லாம ஏலாது. உங்கட மூண்டு ரெப்போவை ரிப்கிரெப் இன்டெக்ஸ் ஒண்டும் இல்லாமலே கண் மூடித் திறக்கமுன்னம் தேடிப்போடும். அதுக்கு ஒரு விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) எடுத்து, டொலர்ல பில் கட்டி (2022இல டொலர் 200 ரூபாவில இருந்து 360க்கு ஏறினதை மறந்திருக்க மாட்டீங்கள்), டிஸ்க் நிரம்பேக்க ஓடிப்போய்ப் பாத்து, அந்தப் பாஸ்வேர்ட் தெரிஞ்ச பெடியன் கம்பஸ் முடிச்சுக் கொழும்புக்குப் போனாப் பிறகு ஆர் பாக்கிறது? சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்.

சோர்ஸ்கிராஃப் எண்டு ஆராவது சொன்னா லைசென்ஸையும் சேத்துப் பாருங்கோ. 2018இல ஓப்பன் சோர்ஸ் ஆக்கினாங்கள், 2023இல லைசென்ஸை மாத்தினாங்கள், 2024இல மெயின் ரெப்போவையே பிரைவேட் ஆக்கிப்போட்டாங்கள். டூல் திறமான டூல்தான், அதைக் குறை சொல்லேல, ஆனா ஓப்பன் சோர்ஸ் எண்டு போர்ட் மாட்டின ப்ரொஜெக்ட் இதை நம்பி டொக்யுமென்டேஷன் எழுதுறதெண்டா யோசிக்க வேணும். ஸோக்ட் இப்பவும் அப்பாச்சி எண்ட ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்லதான் இருக்கு, இப்ப அதைப் பராமரிக்கிறதும் இதே சோர்ஸ்கிராஃப் ஆக்கள்தான்.

ரிப்கிரெப் போட்டவுடன புதுசா வாற ஆக்கள் எல்லாரும் ஒரே இடத்திலதான் தடக்குப்படுவினம். அது கிட் இக்னோர் ஃபைலை (கிட் கவனிக்க வேண்டாத ஃபைலுகளிட பட்டியல்) மதிக்கும், புள்ளியில தொடங்கிற ஃபோல்டரையும் தானா விட்டுடும். நோட் மொட்யூல்ஸ் (இறக்கி வச்ச ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள்) குப்பையை விடுறது நல்லம், ஆனா சிஐ (தானா பில்ட், டெஸ்ட் ஓட்டுறது) செற்றிங் எல்லாம் டொட் கிட்ஹப் ஃபோல்டருக்குள்ள எல்லோ கிடக்கு, அதில இருக்கிற வேரியபிள் ஒண்டைத் தேடினா "இல்லை" எண்டு வரும், அதை நம்பி அந்த வேரியபிளைத் தூக்கினா பில்ட் உடையும். கிட் க்ரெப் அப்பிடியில்லை, கிட்டுக்குத் தெரிஞ்ச ஃபைல் எல்லாத்தையும் பாக்கும். விஎஸ் கோட் எடிட்டர்ட சேர்ச்சும் உள்ளுக்க ரிப்கிரெப்தான், புள்ளி ஃபோல்டரைப் பாத்தாலும் கிட் இக்னோரை அதுவும் மதிக்கும், அதால அங்க தேடியும் கிடைக்கேல எண்டு ரெண்டாம் சாட்சி சொல்லாதீங்கோ.

இனி எங்களுக்கெண்டே இருக்கிற தலையிடி. எங்கட மாவட்ட லிஸ்ட்ல "திருகோணமலை" எண்டு தேடினா ஒரு ஃபைல்ல வரும், பக்கத்து ஃபைல்ல வராது, ரெண்டையும் திறந்து பாத்தா கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. விசயம் அந்தக் "கோ"வில. யூனிகோட்ல ஓகாரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் எண்டு ரெண்டாவும் எழுதலாம், திரையில ஒண்டுதான், பைட் வேற. பாமினி எண்ட பழைய, யூனிகோட் இல்லாத தமிழ் ஃபொண்ட்ல அடிச்ச டொக்யுமென்டைக் கன்வேட் பண்ணி ஒட்டேக்க ரெண்டாவது வகை வந்து சேரும். ரிப்கிரெப் இதைச் சமப்படுத்தாது, கிட் க்ரெப்பும் அப்பிடித்தான். கொட்டியாரம், தோப்பூர், கோணேசர் எல்லாத்துக்கும் இதே கதை. இதுக்கு மருந்து டூல்ல இல்லை, கொமிட் பண்ணமுன்னம் ஃபைலை என்எஃப்சிக்கு (ரெண்டா இருக்கிற குறியை ஒண்டாச் சேக்கிற யூனிகோட் வடிவம்) மாத்துற ஒரு சின்ன ஹூக், அதாவது கிட் தானா ஓட்டுற ஸ்கிரிப்ட். பாமினியாவே கன்வேட் பண்ணாமல் விட்ட ஃபைல் இருந்தா அது உள்ளுக்க வெறும் இங்கிலிஷ் எழுத்து, தமிழ்ல தேடிக் கண்டுபிடிக்கவே ஏலாது.

கிட்ஹப் சேர்ச்சிலயும் ஒரு பொறி இருக்கு. அது டிஃபோல்ட் பிராஞ்சை (ரெப்போட முதன்மைக் கிளை) மட்டும்தான் இன்டெக்ஸ் பண்ணும், 350 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஃபைலை விட்டுடும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியும் யூடிஎஃப் 8இல 3 பைட் எடுக்கிறதால இங்கிலிஷ் ஃபைல் எல்லைக்குள்ள நிண்டாலும் தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல் அதைத் தாண்டிப்போடும், சேர்ச்சிலயும் வராது. இதைத் தெரியாமல் "இந்தச் சொல்லை இன்னும் ஒருத்தரும் மொழிபெயர்க்கேல" எண்டு திரும்ப இருந்து செய்யிற ஆக்கள் இருக்கினம், பாவம்.

திரையில தெரியிற வசனத்தை வச்சுக் கோட்டைத் தேடுறதெண்டா முழு வசனத்தையும் ஒட்டாதீங்கோ. பிஓ எண்ட மொழிபெயர்ப்பு ஃபைல்ல நீளமான வசனம் நாலு வரியா உடைஞ்சு கிடக்கும், மெனுப் பெயருக்கு நடுவில அண்டர்ஸ்கோரோ அம்பர்சான்டோ ஷோர்ட்கட்டுக்காகச் செருகியிருக்கும். வசனத்தில ஆகவும் அபூர்வமான ஒரு சொல்லை மட்டும் எடுங்கோ, கிடைக்கும்.

இருந்து இல்லாமப் போன கோட்டைத் தேட இந்தச் சேர்ச் டூல் ஒண்டுமே உதவாது. கிட் லொக்குக்கு பெரிய எஸ் போட்டு அந்தச் சொல்லைக் குடுங்கோ, எந்தக் கொமிட்ல வந்தது எந்தக் கொமிட்ல போனதெண்டு சொல்லும். ஆர் தூக்கினது எண்டு குறூப்பில சண்டை பிடிக்கிற நேரத்துக்கு இது ஒரு வரி வேலை.

ஓப்பன்குரொக்கைப் பற்றிக் கேட்டதால சொல்லுறன்: அது சண் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பிறந்த ஜாவா சாமான், சீடாக்ஸ் எண்ட, ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியல் போடுற டூலோட சேந்து ஃபங்ஷன் எங்க எழுதப்பட்டிருக்கு எங்க பாவிக்கப்படுதெண்டு பிரவுசர்லயே காட்டும். பெரிய சி கோட், க்ளோன் எடுக்காமல் வாசிக்கிற ஆக்கள் கனபேர் எண்டா அது பெறுமதி. உங்களிட்டப் பைத்தனும் ஜாவாஸ்கிரிப்டும்தானே, அந்த வேலையை எடிட்டர்ல இருக்கிற லாங்குவேஜ் சேர்வரே செய்யுது.

ரெப்போ ஐம்பது அறுபதைத் தாண்டி ஒருத்தரும் எல்லாத்தையும் க்ளோன் எடுத்து வைக்காத நிலை வந்தா அப்ப ஸோக்ட் போடுங்கோ. போட்டாலும் அது கோ மொழியில எழுதினது, கோ ரெஜெக்ஸ்ல (தேடல் வடிவம் எழுதுற முறை) சொல் எல்லை எண்டு குடுக்கிற பேக்ஸ்லாஷ் பி ஆஸ்கி எழுத்துக்கு மட்டும்தான், தமிழ்ச் சொல்லுக்கு வேலை செய்யாது, ரிப்கிரெப்பில செய்யும். மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அதை முதலே சொல்லி வையுங்கோ.