டி-டைமர் குறையவில்லை... ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. கோவிட் நிமோனியாவுக்காக வார்டில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தினமும் வயிற்றில் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியை நிறுத்திவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் இன்னும் 900 காட்டுகிறது. ஆஸ்பிரினாவது கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ஏறத்தாழ 15,000 கோவிட் நோயாளிகளிடம் நடந்த 'ரெகவரி' ஆய்வில் ஆஸ்பிரின் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் சற்றே கூடியது. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் நிறுத்தவும் வேண்டாம்.

டி-டைமர் என்பது ரத்தக்கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் என்ற புரத இழை கரையும்போது வரும் துண்டு. கடும் தொற்றில் நுரையீரல் ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகிறது, ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜெனைக் கல்லீரல் அதிகம் சுரக்கிறது. படுத்தே கிடப்பதால் கால் சிரைகளில் ரத்த ஓட்டமும் மந்தமாகிறது. அழற்சி அடங்கும்வரை டி-டைமர் கூடுதலாகவே இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து ரத்தக்கட்டி இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாரம்தோறும் அதைப் பரிசோதித்துப் பதறுவதில் பயனில்லை.

கவனிக்க வேண்டியது கால்களை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அன்றே சிரைகளின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்தக் காலை நீவிவிடாதீர்கள். அளவு சரியாக இருந்தாலும் ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுதான். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

முன்பு ரத்தக்கட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர் போன்றோருக்கு வீட்டுக்குப் போன பிறகும் சில வாரங்கள் மருந்து தருவதுண்டு. அப்பா அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐசியூவில் இருக்கும் கோவிட் நோயாளிக்கு ஏன் முழு டோஸ் ஹெப்பாரின் தருவதில்லை?

பதில்: 2021இல் வெளியான பெரிய ஆய்வுகளில் முழு டோஸ் வார்டு நோயாளிகளுக்கு உதவியது, ஐசியூவில் உதவவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அதனால் அங்கே ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் குறைந்த டோஸ் மட்டும், பெரும்பாலும் ஈனாக்ஸபாரின் (ஹெப்பாரின் வகை) 40 மி.கி. தினம் ஒருமுறை. சிறுநீரகம் பழுதானால் இதையும் குறைக்க வேண்டும். ரத்தக்கட்டி இருப்பது உறுதியானால்தான் முழு டோஸ். ஊசி தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் பிளேட்லெட் (ரத்தத்தட்டு) எண்ணிக்கை பாதியாகச் சரிந்தால் ஹெப்பாரினே காரணமா என்று பார்த்து, சந்தேகம் வலுத்தால் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.