கத்தரிக்காய்ப் புழுவும் பி.டி. விதையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரபணு மாற்றுப் பயிர் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

விதையில்லாத் தர்பூசணி, ரெட் லேடி பப்பாளி எல்லாம் மரபணு மாற்றியவைதானே? குழந்தைக்குக் கொடுக்கலாமா? (வாசகி, லாஸ்பேட்டை)

இல்லை. தாராளமாகக் கொடுங்கள். இரண்டுமே வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்துப் பெற்றவை. வீரிய ஒட்டு வேறு, ஆய்வுக்கூடத்தில் மரபணுவைச் செருகும் மரபணு மாற்று வேறு என்று எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. நம் நாட்டு விவசாயி வயலில் சட்டப்படி வளரும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002 முதல். டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024-ல் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

அப்படியானால் நம் சாப்பாட்டில் மரபணு மாற்றுப் பொருளே இல்லையா? (திருப்பாதிரிப்புலியூர்)

இருக்கிறது. பருத்திக்கொட்டை எண்ணெய் பல தின்பண்டங்களில் சேர்கிறது. அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் அந்த வகைதான். சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ அநேகமாக மிஞ்சாது என்பதால் நான் பயப்படவில்லை. ஆனால் லேபிளில் அச்சிடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

தக்காளியில் மீனின் மரபணு சேர்த்து விற்கிறார்களாமே?

எங்கும் விற்கவில்லை. ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோன முயற்சி அது.

பி.டி. கத்தரி வந்தால் மருந்தே அடிக்க வேண்டாமாமே? அதை ஏன் தடுத்து வைத்திருக்கிறார்கள்? (நெல்லிக்குப்பம் விவசாயி)

"மருந்தே வேண்டாம்" என்று உங்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பி.டி. என்பது ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மரபணு; அது தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு மட்டும்தான். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் எதற்கும் அது பயன்படாது.

2009 அக்டோபரில், மரபணு மாற்றுப் பயிர்களைப் பரிசீலிக்கும் மத்தியக் குழு பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். இத்தனைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பி.டி. ஏற்றிய ரகங்களில் நம் பாலூர்-1 கத்தரியும் ஒன்று. அது வீரிய ஒட்டு அல்ல, விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வங்கதேசம் 2013-லேயே இதை அனுமதித்துவிட்டது. ஆனால் கத்தரி பிறந்த மண் நம்முடையது, பக்கத்துச் செடிக்கு மகரந்தம் போகும் என்று கேட்டவர்களின் கேள்வியும் நியாயமானதே. நீண்ட காலச் சோதனை முடியட்டும், ஆனால் முடியாமலே இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதே என் கருத்து.

அதுவரை? இதுதான் எனக்கு ஆறாத விஷயம். வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு உட்கார்ந்திருக்கும். காயில் குண்டூசி அளவு துளை, அதன் வாயில் கழிவு. உள்ளே போன புழுவின் மேல் எந்த மருந்தும் படாது. படாத மருந்தை ஒன்று விட்டு ஒரு நாள் அடிக்கிறோம். மாலையில் அடித்து, வாடை போவதற்குள் விடியற்காலையில் பறித்து மூட்டை கட்டுவதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் காய் நம் பிள்ளைகளின் சாம்பாருக்குத்தான் வருகிறது. மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற காத்திருப்பு நாள் மருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் தயவுசெய்து பறிக்காதீர்கள். வாடிய நுனிகளை வாரம் ஒரு முறை கிள்ளி எரியுங்கள். சொத்தைக் காயை வரப்பில் வீசாதீர்கள். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு ஐந்து வையுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் தெளியுங்கள். கத்தரி போட்ட நிலத்தில் மறுபடி கத்தரி போடாதீர்கள்.

களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி விதை தருவதாகச் சொல்கிறார்கள். பில் கிடையாதாம். வாங்கலாமா? (விருத்தாசலம்)

வாங்காதீர்கள். அந்த விதைக்கு அனுமதியே இல்லை. முளைக்காவிட்டால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பீர்கள்? பில் இல்லாமல் எந்த விதையும் வாங்காதீர்கள்.

என் பயிர் மஞ்சளாகிறது. மரபணு விதையாக இருக்குமோ?

என்ன பயிர், எத்தனை நாள் பயிர், என்ன உரம் போட்டீர்கள்? ஒன்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முழு விவரத்தோடும் இலையின் படத்தோடும் திரும்ப எழுதுங்கள்.

மரபணு திருத்திய நெல் என்று 2025-ல் அறிவித்தார்களே, அதுவும் பி.டி. மாதிரிதானா? (காட்டுமன்னார்கோயில்)

இல்லை. பி.டி.யில் மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இதில் நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம். அதனால்தான் 2022-ல் இந்த வகைக்குக் கடுமையான விதிகளிலிருந்து விலக்கு தந்தார்கள். அறிவித்த இரண்டு நெல் ரகங்களில் கமலா என்பது நீங்கள் நடும் பி.பி.டி. 5204 ரகத்திலிருந்து வந்ததுதான். விதை கிடைக்கும்போது முதலில் கால் ஏக்கரில் மட்டும் நட்டுப் பாருங்கள். அப்போதும் பில் வாங்க மறக்காதீர்கள்.